ஒரே தெருவில் மூன்று பேருக்குப் புற்றுநோய்: காரணம் காற்றா, பரம்பரையா, வயதா?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய தெருவில் சில ஆண்டுகளுக்குள் மூன்று பேருக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது: ஒருவருக்கு வாயில், ஒருவருக்கு மார்பகத்தில், புகையே பிடிக்காத அவருடைய சித்திக்கு நுரையீரலில். இது ஆலைக் காற்றால் வந்ததா, கருவாட்டால் வந்ததா, குடும்பத்தில் ஓடுவதா? செல் ஆராய்ச்சியில் நாள்தோறும் ஏதேதோ கண்டுபிடித்ததாகச் செய்தி வருகிறதே, அவற்றில் எது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் ஓ.பி. சீட்டோடு காத்திருக்கும் நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது?

புற்றுநோய் வெளியிலிருந்து உடலுக்குள் நுழையும் ஒன்றல்ல. நம் சொந்தச் செல் ஒன்றின் வழித்தோன்றல்கள், பல ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே வந்து, கடைசியில் உடலின் கட்டுப்பாட்டுக்கு அடங்காத கூட்டமாகிவிடுவதே அது. அந்த நீண்ட வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெவ்வேறு காரணம் இருக்கக்கூடும் என்பதால், ஒருவரைச் சுட்டி ‘இவருக்கு எதனால் வந்தது’ என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடை சொல்வது பெரும்பாலும் இயலாது. ஓர் ஊரைச் சுட்டிக் கேட்டால் ஓரளவு சொல்ல முடியும். இவ்விரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிக்கொள்வதால்தான் நம் பகுதியில் இந்தப் பேச்சு எப்போது எழுந்தாலும் ஆலைக்கு ஆதரவா எதிர்ப்பா என்ற வாக்குவாதமாக முடிகிறது என்று நினைக்கிறேன்.

நம் உடலில் ஏறக்குறைய 37 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. குடலின் உட்சுவர், தோல், இரத்தம் ஆகியவற்றில் பழைய செல்கள் ஓயாமல் உதிர்ந்து புதியவை பிறக்கின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் சுமார் 600 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். படியெடுக்கும் நொதிகளும் அதைச் சரிபார்க்கும் நொதிகளும் மிகுந்த துல்லியம் உடையவை. ஆயினும் சில பிழைகள் தங்கிவிடுகின்றன. பெருங்குடலில் புதிய செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்லான ஸ்டெம் செல் ஒன்றில் ஆண்டுக்கு ஏறக்குறைய 40 மரபணுப் பிறழ்வுகள் சேர்கின்றன. வெளிக் காரணிகள் இந்த வேகத்தைக் கூட்டுகின்றன: நாள்தோறும் ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் ஓராண்டு புகைப்பவரின் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிறழ்வுகள் கூடுதலாகச் சேர்வதாக 2016இல் கணக்கிட்டார்கள்.

இந்தப் பிழைகளில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. செல்லின் பிரிவையும் இறப்பையும் ஆளும் சில நூறு மரபணுக்களில் விழும் பிழைகளே கணக்கில் வருகின்றன. டி.என்.ஏ.வைச் சுமக்கும் குரோமோசோம்களின் கோளாறுதான் புற்றுநோயின் வேர் என்று ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் பொவேரி 1914இலேயே எழுதினார்; நிரூபிக்கும் கருவிகள் அப்போது இல்லை. 1976இல் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் ஆகியோரின் குழு, கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் வைரசில் இருந்த கேடான மரபணு உண்மையில் கோழியின் இயல்பான செல்லிலிருந்தே வைரஸ் எடுத்துக்கொண்டது என்று காட்டியது. செல்லைப் பிரியத் தூண்டும் மரபணுக்கள் நம் எல்லோரிடமும் இருக்கின்றன, அவற்றில் ஒன்று கெட்டு எப்போதும் இயங்கும் நிலைக்குப் போனால் ஆபத்து என்பது அதிலிருந்து விளங்கியது. இதன் மறுபக்கம் பிரிவைத் தடுக்கும் மரபணுக்கள். குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன், தடுக்கும் மரபணுவின் இரு பிரதிகளும் கெட வேண்டும் என்று 1971இல் கணித்தார். 1979இல் கண்டறியப்பட்ட பி53 என்ற புரதம் இவற்றில் முதன்மையானது, டி.என்.ஏ. சேதமடைந்தால் அது பிரிவை நிறுத்தும், சேதம் மிகுதியானால் செல்லை மாய்த்துக்கொள்ளச் செய்யும். மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு கெட்டிருக்கிறது.

ஆர்மிடேஜ், டோல் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1954இல் வயதுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள கணக்கைப் பார்த்து, இந்நோய் ஆறேழு படிகளைத் தாண்டியே வருவதுபோலத் தோன்றுகிறது என்றார்கள். பீட்டர் நோவல் 1976இல் அதற்கு உயிரியல் வடிவம் கொடுத்தார்: கட்டிக்குள் நடப்பது டார்வின் சொன்ன பரிணாமமே, வேகமாகப் பெருகும், சாவை ஏய்க்கும் வழித்தோன்றல்கள் நிலைக்க, மற்றவை மறைகின்றன. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் காரணம், சிகிச்சை, சிகிச்சை தோற்பது ஆகிய மூன்றையும் விளங்கிக்கொள்ளலாம்.

கடந்த பத்தாண்டுகளில் வந்த கண்டுபிடிப்புகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மருந்து எதுவும் அல்ல. நலமாக இருப்பவர்களின் திசுவைப் பற்றிய ஒன்று. 2015இல் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள சாங்கர் ஆய்வு நிலையத்தினர், இமை அறுவையில் நீக்கப்பட்ட, நோயற்ற தோலைத் துண்டு துண்டாக்கி அதன் டி.என்.ஏ. எழுத்துகளைப் படித்துப் பார்த்தார்கள். அதில் சுமார் நான்கில் ஒரு பங்கு செல்கள் ஏற்கெனவே புற்றுநோயோடு தொடர்புடைய பிறழ்வுகளைச் சுமந்திருந்தன. 2018இல் உணவுக்குழாயிலும் இதையே கண்டார்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்களின் நலமான உணவுக்குழாயில் நாட்ச்1 என்ற மரபணுவின் பிறழ்வு மிகப் பரவலாக இருந்தது. உணவுக்குழாய்ப் புற்றில் அது காணப்படுவதைக் காட்டிலும் மிகுதியாகவே இருந்தது. ஆக, ஐம்பது வயதில் நம் ஒவ்வொருவரின் உடலும் பிறழ்ந்த செல்களின் திட்டுகளால் நிரம்பியிருக்கிறது. அவற்றில் மிகச் சிலவே கட்டியாகின்றன. அப்படியானால் உறங்கும் திட்டை எழுப்புவது எது என்பதே உண்மையான கேள்வி.

இந்தக் கேள்விக்கும் பழைய வேர் உண்டு. 1940களில் ஐசக் பெரன்பிளம் சுண்டெலியின் தோலில் புற்று உண்டாக்கும் வேதிப்பொருளை மிகச் சிறிதளவு தடவினார், ஒன்றும் ஆகவில்லை. அதே இடத்தில் பிறகு நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவியபோது கட்டிகள் முளைத்தன. நம் நாட்டு வைத்தியத்தில் பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான். அந்த எண்ணெய் டி.என்.ஏ.வைக் கெடுப்பதில்லை, தோலில் அழற்சியை உண்டாக்கிச் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. முன்பே கெட்டிருந்த செல்லுக்கு அந்தத் தூண்டுதல் போதுமானதாக இருந்தது.

2023இல் லண்டனில் சார்லஸ் ஸ்வான்டன் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதையே காற்றுத் தூசுக்குப் பொருத்திக் காட்டியது. புற்று இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளில் 18 விழுக்காட்டில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவிலும், 53 விழுக்காட்டில் கே.ராஸ் மரபணுவிலும் புற்றுக்கு வழிசெய்யும் பிறழ்வுகள் இருந்தன. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்தூசு நுரையீரலுக்குள் போனால், அங்கே வரும் தற்காப்புச் செல்கள் இன்டர்லூகின் 1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன. அது பிறழ்ந்த செல்களை ஸ்டெம் செல் போன்ற நிலைக்குத் தள்ளுகிறது. எலிகளில் அந்தப் பொருளைத் தடுத்தபோது புற்று உருவாவது குறைந்தது. இங்கிலாந்து, தென்கொரியா, தைவான் ஆகிய இடங்களின் தரவுகளில், நுண்தூசு மிகுந்த பகுதிகளில் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வுள்ள நுரையீரல் புற்று கூடுதலாக இருந்தது. புகை பிடிக்காதவர்களுக்கு, குறிப்பாக ஆசியப் பெண்களுக்கு, நுரையீரல் புற்று ஏன் வருகிறது என்ற நீண்ட நாள் புதிருக்கு இது பெரிய விடை.

இனி சிப்காட். தெருவில் மூன்று பேர் என்பது மட்டுமே ஆலையின் மீது குற்றத்தை நிறுவாது. இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்ட மதிப்பீடு. நூறு பேர் வாழும் எந்தத் தெருவிலும், அது திருப்பாதிரிப்புலியூரானாலும் புதுச்சேரி முத்தியால்பேட்டையானாலும், ஆண்டுகள் ஓட ஓடப் பதினோரு பேரை எதிர்பார்க்கலாம். மேலும் வாய், மார்பகம், நுரையீரல் ஆகியவை ஒரே நோயின் மூன்று இடங்கள் அல்ல. தனித்தனிக் காரணங்களைக் கொண்ட மூன்று நோய்கள். தொழிற்சாலைக் காரணம் உறுதிப்பட்ட இடங்களில் அடையாளம் வேறு விதமாக இருந்திருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பி.வி.சி. செய்யும் ஒரே தொழிற்சாலையின் தொழிலாளர்கள் சிலருக்கு, கல்லீரல் இரத்தக்குழாய்களில் வரும் மிக அரிதான ஆஞ்சியோசர்கோமா வந்ததை அங்கிருந்த மருத்துவர் கவனித்ததால்தான், 1974இல் பி.வி.சி.யின் மூலப்பொருளான வினைல் குளோரைடு பிடிபட்டது. பென்சீன் என்றால் இரத்தப் புற்று. அரிய வகை, இளம் வயது, ஒரே வேலையிடம் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் அங்கே கட்டாயம் தோண்டிப் பார்க்க வேண்டும்.

இதனால் ஆலைகளுக்கு நான் நற்சான்று கொடுப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். மேலே சொன்ன 2023 ஆய்வின் பொருளே, காற்றுத் தூசு நேரடியாக டி.என்.ஏ.வைக் கெடுக்காவிட்டாலும் நோயை முன்தள்ளும் என்பதுதான். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் துர்நாற்றமும் கண் எரிச்சலும் புற்றுநோய் நிரூபணமாகும்வரை காத்திருக்க வேண்டிய குறைகள் அல்ல. ஊர்வாரியான புற்றுநோய்ப் பதிவும், அதே ஊர்களில் ஆண்டு முழுவதும் எடுத்த காற்று அளவீடும், ஒவ்வொருவரும் அங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்ற விவரமும் ஒன்றாக வைத்துப் பார்க்கப்பட்டால் ஊரைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைக்கும். கேட்க வேண்டியது அதைத்தான்.

வாய்ப்புற்றைப் பொறுத்தவரை இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலை, வெற்றிலையோடு போடும் பாக்கு, சாராயம் ஆகிய மூன்றும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையால் மனிதருக்கு உறுதியாகப் புற்றுண்டாக்குபவை என்று வகைப்படுத்தப்பட்டவை. புகையிலை சேர்க்காத பாக்கும் அப்படியே. மது உடலில் அசெட்டால்டிஹைடாக மாறி டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது, புகையிலையோடு சேரும்போது இரண்டின் தீமை கூட்டலாக அல்லாமல் பெருக்கலாக உயர்கிறது. புதுச்சேரிச் சரக்கு தரமானது, ஆகவே கெடுதல் இல்லை என்று எல்லையின் இருபுறமும் சொல்லிக்கொள்கிறார்கள். எத்தனாலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. கருவாட்டைப் பற்றிய அச்சத்துக்கு மூலம், சீனமுறை உப்பு மீன் மூக்குத்தொண்டைப் புற்றை உண்டாக்கும் என்று அந்த முகமை 1993இல் கூறியது. ஏனைய உப்பு மீன்களைப் பற்றி முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்று அதே அறிக்கை கூறியிருந்ததை யாரும் பகிர்வதில்லை. நெத்திலிக் கருவாட்டில் உப்பு அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதற்காக அளவோடு உண்ணலாம்.

மூலிகை என்றாலே தீங்கற்றது என்ற நம்பிக்கைக்கும் ஒரு திருத்தம் தேவை. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய செடிகளின் இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துச் சிறுநீர்ப்பாதையில் புற்றை உண்டாக்கும். அது டி.என்.ஏ.வில் விட்டுச்செல்லும் பிறழ்வு வடிவம் மிகத் தனித்தன்மை உடையது. 2013இல் தைவான் நோயாளிகளின் கட்டிகளிலிருந்தே அதைப் படித்தெடுத்தார்கள். புகையிலைக்கும் வெயிலின் புற ஊதாக் கதிருக்கும் இப்படிப்பட்ட தடங்கள் உண்டு. தனி ஒருவரின் நோய்க்குக் காரணம் சொல்ல முடியாது என்று தொடக்கத்தில் ‘பெரும்பாலும்’ போட்டுச் சொன்னதற்கு இதுவே காரணம். மறுபுறம், நம் கடற்கரை மணலில் தானே முளைக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், பிரியும் செல்லில் குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்களைத் தடுத்து, குழந்தைகளின் இரத்தப் புற்றில் இன்றும் உயிர்காக்கிறது. இலையை அரைத்துக் குடிப்பது அதற்கு ஈடாகாது; ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும், மேலும் அளவு சற்றுத் தவறினாலும் அது நரம்பைத் தாக்கும் மருந்து.

பரம்பரையாக வருவது மொத்தப் புற்றுநோய்களில் ஐந்து முதல் பத்து விழுக்காடே. மார்பகப் புற்று வந்த பெண்ணுக்கு வயது குறைவு என்றாலோ, இரத்த உறவில் வேறு யாருக்கேனும் மார்பக அல்லது சினைப்பைப் புற்று இருந்தாலோ பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். செல்லுக்குள் எந்த விசை கெட்டது என்று தெரிந்தால் அதை மட்டும் அடைக்கலாம் என்ற எண்ணம் முதலில் பலித்தது நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றில். 1960இல் பிலடெல்பியாவில் இந்நோயாளிகளிடம் கண்ட ஒரு சிறிய குரோமோசோம், 9ஆம் 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதால் வந்தது என்று ஜேனட் ரவுலி 1973இல் காட்டினார். அங்கே உருவாகும் புதிய புரதத்தை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் வந்தபின், சில ஆண்டுகளில் உயிர்குடித்த நோய் மாத்திரையோடு வாழும் நோயாகிவிட்டது. நம் ஊரில் இது ஏழைக்கும் கிடைப்பதற்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கும் பங்குண்டு. இம்மருந்துக்குக் காப்புரிமை கேட்ட நோவார்டிஸ் நிறுவனத்தின் விண்ணப்பத்தை அது 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளியது. மாதம் லட்ச ரூபாயைத் தாண்டிய மருந்தின் இந்தியப் பிரதிகள் பத்தாயிரத்துக்குள் கிடைத்தன.

சித்தியின் நோய்க்கு நேரடியாகப் பொருந்துவது இ.ஜி.எஃப்.ஆர். கதை. 2004இல் அந்தப் பிறழ்வு நுரையீரல் புற்றில் கண்டறியப்பட்டது; அதை அடைக்கும் ஜெஃபிடினிப் மாத்திரை இன்று குறைந்த விலையில் கிடைக்கிறது. அத்துடன் கீமோதெரபியும் சேர்த்தால் நோய் கட்டுக்குள் இருக்கும் காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக நீள்கிறது என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு காட்டியது. ஆயினும் மாத்திரை ஒருநாள் வேலை செய்யாமல் போகும். ஏனெனில் கோடிக்கணக்கான செல்களுள் ஏதோ சிலவற்றில் மருந்துக்கு அடங்காத இன்னொரு பிறழ்வு இருக்கும். மற்றவை மடிய, அவை பெருகும். நோவல் சொன்ன பரிணாமம் மருந்தின் முன்னிலையிலும் நிற்பதில்லை. அந்த இரண்டாம் பிறழ்வையும் சமாளிக்க ஆசிமெர்டினிப் வந்தது. நாற்பதாண்டு காலம் மருந்துக்கே இடமில்லை என்று கருதப்பட்ட கே.ராஸின் ஒரு வடிவத்துக்கு 2021இல் சோட்டோராசிப் வந்தது.

இரண்டாவது வழி, கட்டியோடு உடலின் நோய் எதிர்ப்புச் செல்களை மோதவிடுவது. அவற்றுள் ஒரு வகையான டி செல்களின் மீதுள்ள தடைகளை நீக்கினால் அவை கட்டியைத் தாக்கும் என்று காட்டிய ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பெற்றனர். விலைதான் தடை. இங்கே இந்திய மருத்துவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது: டாட்டா நினைவு மருத்துவமனையினர், முற்றிய தலை, கழுத்துப் புற்றில், இப்படித் தடை நீக்கும் மருந்தான நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாமல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தார்கள். நோயாளியின் டி செல்களையே எடுத்து மரபணு மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி முறையிலும், ஐ.ஐ.டி. பம்பாயும் டாட்டா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. சில வகை இரத்தப் புற்றுகளுக்கு மட்டுமே அது பயன்படும். வெளிநாட்டு விலையில் சிறு பகுதியே ஆனாலும் இன்னும் பல லட்சம்.

2022இல் ‘பன்னிரண்டு பேருக்கும் புற்றுநோய் மறைந்தது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி பொய்யல்ல, ஆனால் முழுமையும் அல்ல. டோஸ்டார்லிமாப் என்ற அந்த மருந்து, டி.என்.ஏ. பிழைதிருத்தும் அமைப்பே கெட்டுப்போன மலக்குடல் புற்றுக்குக் கொடுக்கப்பட்டது. மலக்குடல் புற்றுகளில் அது மிகச் சிறு பங்கு. பிழைகள் ஏராளமாக இருப்பதால் எதிர்ப்புச் செல்கள் அந்தக் கட்டியை எளிதில் அடையாளம் காண்கின்றன. இந்தக் கோளாறு இல்லாத புற்றுகளில் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. நோயாளிக்கென்றே செய்யும் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் இன்னும் ஆய்வுக் கட்டத்தில் உள்ளன.

நோய் முற்ற ஆண்டுகள் ஆகின்றன என்பதால், மருந்தைவிட மலிவான வழியும் திறந்தே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை ஒன்றே அந்தப் புற்றால் வரும் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. திருவனந்தபுரத்தில் புகையிலை, மது பழக்கமுள்ளவர்களின் வாயை அவ்வப்போது பார்த்ததால் வாய்ப்புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தத் தெருவில் பாக்கும் புகையிலையும் போடுபவர்கள், வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ, வாய் திறப்பதில் இறுக்கமோ தெரிந்தால் வலி வரும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்ட வேண்டும். சித்திக்கு இ.ஜி.எஃப்.ஆர். சோதனையும், ஏ.எல்.கே. என்ற இன்னொரு மரபணுவுக்கான சோதனையும் செய்யப்பட்டனவா என்று பயாப்சி அறிக்கையில் பாருங்கள். இல்லையெனில் திசு வைக்கப்பட்டுள்ள மெழுகுக் கட்டியைச் சோதனை செய்த ஆய்வகத்திடம் கேட்டுப் பெற்று ஜிப்மருக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்தத் திசுவே போதுமான அளவு இருந்தால் மீண்டும் ஊசி குத்தி எடுக்க வேண்டியிருக்காது.